வெடித்த காம்பராவும் மத்தியஸ்த சபையும்

1. வெடிப்பு

பாக்கியம் அக்கா எங்கள் காரியாலயத்துக்குள் வந்ததும் உட்காரவில்லை. மேசைமேல் கையைச் செங்குத்தாக வைத்துக் காட்டினார்.

"இம்புட்டு அகலம். கை உள்ள போயிட்டு வருது தம்பி."

தோட்டத்து லயத்தில் அவர் குடியிருந்த ஒற்றை அறையின், அந்தக் காம்பராவின், பின்சுவர் வெடித்திருந்தது.

அது தொண்ணூறுகளின் நடுப்பகுதி. றக்வானைப் பக்கம் ஒரு தொழிற்சங்கத்தின் கிளைக் காரியாலயத்தில் முறைப்பாடு எழுதுவது என் வேலை. வேலை செய்த நாளுக்குப் பேர் போடாதது, லயத்துச் சண்டை எல்லாம் என் மேசைக்குத்தான் வரும். இது வேறு மாதிரி. லயத்துக்குக் கீழே, தேயிலைத் தோட்ட எல்லைக்கு அப்பால், கிராமத்துக் காணியில் ஒரு முதலாளி மாணிக்கக் குழி வெட்டிக்கொண்டிருந்தார். குழி நேராக இறங்கியவரை யாருக்கும் கவலையில்லை. மாணிக்கம் கிடக்கும் சரளையைத் தேடிப் பக்கவாட்டில் சுரங்கம் போட ஆரம்பித்ததும் மேலே சுவர் பிளந்தது. அந்தச் சுவருக்குப் பக்கத்தில்தான் அக்காவின் புருஷன் சுப்பையா வாதம் வந்து படுத்த படுக்கையாகக் கிடந்தார்.

"தோட்டத்துத் தொரைகிட்ட சொன்னீங்களா?"

"சொன்னேன். குழி தோட்டத்துக்குள்ள இல்ல, நான் என்ன செய்யன்னு கேக்குறாரு. வேற காம்பராவும் காலி இல்லையாம்."

அக்கா பொலிஸிலும் சொல்லியிருந்தார். அவர்கள் மத்தியஸ்த சபைக்குப் போகச் சொல்லிவிட்டார்கள்.

2. இரண்டு வழி

மத்தியஸ்த சபை சனிக்கிழமைகளில் பக்கத்துப் பாடசாலையில் கூடும். லோயர் தேவையில்லை, செலவும் இல்லாத மாதிரிதான். ஊர்ப் பெரியவர்கள் மூன்று பேர் இருதரப்பையும் உட்கார வைத்துப் பேசி, இணக்கம் வந்தால் எழுதிக் கையெழுத்து வாங்குவார்கள். வராவிட்டால் ஒரு சான்றிதழ் தருவார்கள். அதைக் கொண்டு கோர்ட்டுக்குப் போகலாம். ஆபத்து அவசரம் என்றால் தடை உத்தரவு கேட்டு நேரே கோர்ட்டுக்கும் போகலாம்.

"அக்கா, கோர்ட்டுக்கே போவோம். தோண்டாதேன்னு சொல்ற அதிகாரம் அங்கதான் இருக்கு."

"கோர்ட்டுக்கு ஏறுனா அலைய விடுவாங்க தம்பி. மலையில நின்னா பகலுக்கு ஓடி வந்து பாத்துக்கிறேன், இரத்தினபுரிக்கு பஸ் ஏறிட்டா அவர யாரு பாக்குறது? அன்னிக்குப் பேரும் விழாது, சம்பளம் போயிடும். அந்த முதலாளி கடையிலதான் சாமான் வாங்குறோம். ஊரோட பகைச்சிக்கிட்டு எங்க போறது?"

ஊரோடு பகைத்தால் என்ன நடக்கும் என்று அந்த லயத்துக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. இனக் கலவரத்தில் ஒருமுறை எரிந்த லயம் அது. சபையில் பேசும் சிங்களமும் அக்காவுக்கு என்னைவிட நன்றாக வரும். சரி என்று சபைக்கே எழுதினேன்.

3. சனிக்கிழமை

சபையில் வெளியாள் பேசக் கூடாது. நான் வகுப்பறையின் அரைச்சுவருக்கு வெளியே வாங்கில் உட்கார்ந்திருந்தேன். உள்ளே பேசியது எல்லாம் கேட்டது.

தலைவர் ஓய்வுபெற்ற அதிபர், தங்கமான மனிதர். அக்காவுக்கு நாற்காலி காட்டினார். அக்கா உட்காரவில்லை. கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

முதலாளி சிங்களத்தில் சொன்னார்: "சரளை வந்துட்டுது. இப்ப நிப்பாட்டினா போட்டது எல்லாம் வீண். அதக் கழுவிக் கல்லு எடுத்து முடிச்சதும் குழிய மூடிக் குடுக்கிறேன். அதுவரைக்கும் சுவருக்கு முட்டுக் குடுக்கிறேன்."

தலைவர் அக்காவைப் பார்த்தார். "உங்களுக்கு இது சரியா? சம்மதம் இல்லன்னா சொல்லுங்க. கோர்ட்டுக்குப் போகச் சான்றிதழ் தாறோம்."

இதைவிட நேராக யாரும் கேட்க முடியாது. அக்கா சொன்னார்: "மஹத்தயா பலலா கரன்ன." ஐயா பார்த்துச் செய்யுங்கள்.

 காலையில் வேலை பிரிக்கும் பிரட்டுக் களத்தில் தொரைக்கு முன்னால் நின்று எங்கள் ஆட்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லும் பேச்சு அது. அங்கே அதற்குப் பொருள் சம்மதம் அல்ல. நான் ஒத்துக்கொள்ளவில்லை, பொறுப்பு உங்கள் தலையில், நாளைக்கும் வந்து நிற்பேன் என்று பொருள். தொரைக்கும் அது தெரியும். நாலு நாள் முறைத்துவிட்டுக் கொஞ்சம் இறங்கி வருவார். அந்த வகுப்பறையில் இருந்த மூன்று பேரும் ஒருநாளும் பிரட்டுக் களத்தில் நின்றவர்கள் இல்லை. தலைவர் சந்தோஷமாகத் தலையாட்டி, இருதரப்பும் இணங்கின என்று எழுதினார்.

நான் எழுந்து, "அக்கா, இல்லைன்னு சொல்லுங்க!" என்று கத்தினேன். வாசலில் நின்றவர் என்னை அதட்டி உட்கார வைத்தார். அக்கா திரும்பிப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

வெளியே வந்ததும் கோபமாகக் கேட்டேன்.

"பெரிய மனுசரு கேக்குறப்ப மூஞ்சிக்கு நேரா மாட்டேன்னு சொல்றதா தம்பி? பாத்துச் செய்யச் சொல்லிட்டேன்ல. செய்வாரு."

4. மழை

முட்டு வந்தது. றப்பர் மரக்கட்டை இரண்டு. சுரங்கமும் நிற்கவில்லை. மறுபடி சபைக்கு எழுதினோம். முதலாளி இன்னும் கழுவி முடிக்கவில்லையே, ஒப்பந்தத்தை எங்கே மீறினார் என்று கேட்டார்கள். எப்போது முடிப்பது என்று அந்தத் தாளில் ஒரு வார்த்தை இல்லை. கோர்ட்டில் தெரிந்த லோயரிடம் கேட்டேன். "சம்மதிச்சுக் கையெழுத்துப் போட்டிருக்காங்களே ஐசே" என்று உதட்டைப் பிதுக்கினார்.

மழை பிடித்த மூன்றாம் நாள், அக்காவும் மற்றப் பெண்களும் மலையில் காலையில் பறித்த கொழுந்தைத் தராசில் நிறுத்துக்கொண்டிருந்தபோது பின்சுவர் விழுந்தது. ஓடிப்போய் மண்ணை அள்ளியவர்கள் சுப்பையாவை வெளியே எடுத்தபோது உயிர் இல்லை.

மரண விசாரணை அதிகாரி லயத்து வாசலில் உட்கார்ந்து எழுதினார். மழையால் மண் சரிந்து ஏற்பட்ட விபத்து, யார்மீதும் குறை இல்லை என்று வாசித்துக் காட்டி, "சரிதானே அம்மா?" என்றார்.

"சரியில்ல. எழுதாதீங்க. எனக்குச் சம்மதம் இல்ல."

லயமே திரும்பிப் பார்த்தது. அக்கா அதையே திரும்பத் திரும்பச் சொன்னார். கையெழுத்தும் போடவில்லை. அவர் சம்மதிக்கவில்லை என்று ஒரு வரி சேர்த்துவிட்டு அதிகாரி ஜீப்பில் ஏறினார். எனக்கு அழுகையை அடக்க முடியவில்லை.

இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்வேன். மத்தியஸ்த சபையை நான் குறை சொல்ல மாட்டேன். வேலிச் சண்டை, ஆட்டுச் சண்டை எத்தனையோ அங்கே நல்லபடியாக முடிந்திருக்கின்றன. ஆனால் அது மறுக்கத் தெரிந்தவர்களுக்கான இடம். அதற்குப் பிறகு யார் வந்தாலும் நான் தலைவர் மாதிரி நாற்காலியில் சாய்ந்துகொண்டு, எதிராளி சொல்வதைச் சொல்லி, சம்மதமா என்று கேட்பேன். என் முகத்தைப் பார்த்து "இல்ல" என்று சொன்னவர்களைச் சபைக்கு அனுப்பினேன். "நீங்க பாத்துச் செய்ங்க" என்றவர்களை, என்ன அலைச்சல் வந்தாலும், கோர்ட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனேன்.