நெஞ்செலும்பு உள்வாங்கிய பக்கம்

இதை எழுத உட்காருவதும் எழுந்து போவதுமாகவே சில வருடங்கள் ஓடிவிட்டன. பிள்ளை பெற்றவள், வெள்ளிக்கிழமை தவறாமல் கோயிலுக்குப் போகிறவள், தன் மார்பைப் பற்றி எழுதலாமா என்ற கூச்சம்தான். படிப்பும் எட்டாம் வகுப்போடு நின்றுவிட்டது. கூச்சம் இப்போதும் போகவில்லை. ஆனால் என்னைப் பற்றி ஆளுக்கொரு கதை சொல்கிறார்கள். கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. அதனால் நடந்ததை எழுதுகிறேன்.

நாங்கள் இருப்பது இலங்கை மலையகத்தில், டிக்கோயாப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், ஒட்டி ஒட்டி நிற்கும் வரிசை வீடுகளில். கணவர் ஓட்டோ ஓட்டுகிறார். நான் முன்பு கொழுந்து எடுக்கப் போனேன். இப்போது வீட்டோடு இருக்கிறேன். எனக்குப் பிறவியிலேயே வலது பக்க விலா எலும்பு உள்ளே அமுங்கியிருக்கும். வயதுக்கு வந்தபோது இடது மார்பு வளர்ந்தது. வலது, மொட்டு விட்டதோடு நின்றுவிட்டது. அம்மா என் ஜாக்கெட்டுகளில் அந்தப் பக்கம் பழைய துணியை மடித்து உள்ளே வைத்துத் தைத்துத் தருவார். உடுத்திக்கொண்டால் யாருக்கும் தெரியாது.

பீலியில் தெரிந்துவிடும். மலைத் தண்ணீர் குழாய் வழியாகக் கொட்டும் இடத்தைத்தான் பீலி என்போம். லயத்துப் பெண்கள் பாவாடையை நெஞ்சுக்கு மேலே கட்டிக்கொண்டு சேர்ந்து குளிப்போம். எனக்கு நனைந்த பாவாடை வலது பக்கம் நழுவிவிடும். அதைப் பிடித்து நிறுத்த அங்கே ஒன்றும் இல்லை. ஒரு கையால் பாவாடையைப் பிடித்துக்கொண்டு மறு கையால் தண்ணீர் ஊற்றுவேன்.

"என்னா மதினி, ஒத்தக் கையாலயே குளிக்கிறீங்க? அந்தக் கையில புதையலா வச்சிருக்கீங்க?" என்பாள் பக்கத்து வீட்டுக்காரி.

"ஆமா, ஒங்கண்ணன் குடுத்தது. விட்டா நீ தூக்கிட்டுப் போயிருவ" என்பேன். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். வீட்டுக்கு வந்தால் சோறு இறங்காது.

இரண்டு பிள்ளைகளும் இடது பக்கத்திலேயே பால் குடித்து வளர்ந்தார்கள். வலதில் பால் பேருக்குத்தான் வந்தது. பால் மறக்கடித்த பிறகு இடது தளர்ந்து கீழே இறங்கிவிட்டது. வலது அப்படியே இருந்தது. முன்பைவிட வித்தியாசம் கூடிப்போனது.

கொழும்பில் வேலை செய்யும் என் தங்கைதான் முதலில் சொன்னாள். "அக்கா, அதுக்கு ஒப்பரேசன் இருக்கு. உள்ளுக்கு சிலிக்கன் பை வைக்கிறாங்க. ஒன்ன மாதிரி பொறவியிலேயே இப்படி இருக்கிறவங்களும் செய்றாங்க."

கணவரிடம் கேட்கவே எனக்குப் பல நாள் பிடித்தது. அவர் கேட்டுவிட்டு, "எனக்கு ஒரு கொறையும் தெரியல. ஒனக்கு மனசுல கெடந்து அறுக்குதுன்னா போய்ப் பாப்போம்" என்றார். ரெண்டு பக்கமும் ஒன்றுபோல வர வேண்டும், அந்த வருடத் தேருக்கே பால்குடம் எடுக்கிறேன் என்று மாரியம்மனுக்கு நேர்ந்துகொண்டேன்.

கொழும்பில் நாங்கள் பார்த்த டொக்டர் ஒரு சிங்களப் பெண். பேசியதெல்லாம் சிங்களத்தில், எனக்கு விளங்கியபடி தமிழில் எழுதுகிறேன். தையல்காரரிடம் போகும்போது அளவு ஜாக்கெட் கொண்டுபோவோம் அல்லவா? அந்தப் பழக்கத்தில் நான் அவரிடமும் ஓர் அளவு ஜாக்கெட்டை எடுத்துக்கொண்டு போயிருந்தேன். இடது பக்கம் எனக்குச் சரியாகப் பொருந்துகிற ஜாக்கெட். "வலதும் இந்த அளவுக்கு வந்தாப் போதும், டொக்டர்" என்று மேசையில் வைத்தேன். அவர் சிரிக்கவில்லை. அதை மடித்து என் கையில் திருப்பித் தந்தார்.

"இது துணிக்கு அளவு. எனக்கு ஒங்க ஒடம்புதான் அளவு" என்றார்.

தொண்டைக் குழியிலிருந்து காம்பு வரைக்கும் அளந்தார். காம்பிலிருந்து மார்பின் அடி மடிப்பு வரைக்கும் அளந்தார். நெஞ்சின் அகலம் பார்த்தார். தோலைக் கிள்ளி இழுத்து அது எவ்வளவு நீள்கிறது என்றும் பார்த்தார். பிறகு நிதானமாகச் சொன்னார்: "எவ்வளவு பெரிய பை வைக்கலாம்ங்கிறத ஒங்க நெஞ்சோட அகலமும் தோலும்தான் முடிவு செய்யுது. இந்தப் பக்கம் எலும்பு குழிஞ்சிருக்கு. வைக்கிற பையில கொஞ்சம் அந்தக் குழிய நெரப்பவே போயிரும். தோலும் இறுக்கம். பெருசா வச்சா தாங்காது, ஓரம் கையில தட்டுப்படும். இடது எறங்கிருக்கு, வலது மேல உருண்டையா நிக்கும். காம்பு ரெண்டும் ஒரே மட்டத்துல வராது. சட்டைக்குள்ள வித்தியாசம் கொறையும். ஒண்ணுபோல ஆகாது. இத நல்லா கேட்டுக்கங்க."

எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். "செய்யலாம்" என்று அவர் சொன்னது மட்டும்தான் என் மனதில் தங்கியது.

ஒப்பரேசன் நல்லபடியாக முடிந்தது. வீட்டுக்கு அனுப்பும்போது, சில வாரத்துக்குக் கையைத் தலைக்கு மேலே தூக்கக் கூடாது, பாரம் சுமக்கக் கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னார்கள். தேர் அந்த வாரங்களுக்குள்ளேயே வந்துவிட்டது. மற்றப் பெண்கள் மஞ்சள் உடுத்திப் பால்குடத்தோடு போக, நான் ஓரமாகக் கைகூப்பி நின்றேன். கணவரின் அக்கா என்னைப் பார்த்துவிட்டு, "நேந்துகிட்டு இப்படி நிக்கிறியே, ஆத்தா சும்மா விடுவாளா?" என்றார்.

வீக்கம் வடிந்த பிறகு கண்ணாடியில் பார்த்தேன். வலது நிமிர்ந்து உருண்டையாக இருந்தது, இடது தொங்கியது. வலது காம்பு மேலே பார்த்தது. படுத்தால் இடது அக்குள் பக்கம் சரியும், வலது அசையாது. பாவாடை இப்போது நழுவுவதில்லை. துணி வைத்துத் தைக்காமலே ஜாக்கெட் நிற்கிறது. அது உண்மை. ஆனால் நான் கேட்டது ஒன்றுபோல.

"நான் அப்பவே சொன்னேன்ல" என்றார், நான் சொல்லக் கேட்ட கணவரின் அக்கா. அவ்வளவுதான். அதிலிருந்து விளக்கேற்றும்போது ஆத்தா படத்தை நிமிர்ந்து பார்ப்பதை விட்டுவிட்டேன். ஆத்தா என் உடம்பிலேயே தண்டனையை எழுதிவிட்டாள் என்று நினைத்தேன். மார்பு கோணலாக இருப்பதை இத்தனை வருடம் தாங்கினேன். அவள் என்னைக் கைவிட்டுவிட்டாள் என்பதைத் தாங்க முடியவில்லை. சமைப்பேன், துவைப்பேன், பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புவேன். எதிலும் உயிர் இருக்காது.

கடைசியில் கணவரே என்னை மறுபடி கொழும்புக்குக் கூட்டிப்போனார். டொக்டரிடம் வெட்கத்தை விட்டுக் கேட்டேன். "நேத்திக்கடன் செய்யாததாலயா இப்படி ஆச்சு?"

அவர் ஒப்பரேசனுக்கு முன்னால் எடுத்த போட்டோவைக் காட்டினார். முகம் இல்லை, நெஞ்சு மட்டும். யாரோ ஒருத்தியைப் பார்ப்பது போல இருந்தது. என் விரலைப் பிடித்து, படத்தில் குழிந்திருந்த இடத்தில் வைத்தார். பிறகு என் நெஞ்சிலும் அதே இடத்தில் வைத்தார். பைக்கு மேலே, கழுத்தெலும்புக்குக் கீழே அந்தக் குழி இன்னும் கொஞ்சம் இருந்தது.

"அன்னைக்கே மேல இருந்த காம்பு இன்னைக்கும் மேல இருக்கு. எலும்பு குழிஞ்ச எடத்துல பையும் அதுக்குத் தக்கனதான் ஒக்காரும். நீங்க பொறந்தப்பவே இருந்தது இது. ஒங்க சாமி மேல ஏன் பழி போடுறீங்க?" என்றார். அவர் கும்பிடுவது வேறு சாமி. அந்தக் கேள்வி எனக்கு உறைத்தது.

இடதைத் தூக்கித் தைத்தால் இன்னும் கொஞ்சம் கிட்ட வரும், தழும்பு இருக்கும், அப்போதும் ஒன்றுபோல வராது என்றும் சொன்னார். கணவர் என்னைப் பார்த்தார். "தேயிலைய கவ்வாத்து வெட்டுற மாதிரி ஒரே மட்டமாக்க முடியாதாம் புள்ள. என்னா சொல்ற?"

"போதுங்க. வீட்டுக்குப் போவோம்" என்றேன். தைரியத்தில் சொல்லவில்லை, களைப்பில்தான் சொன்னேன்.

அடுத்த வருடம் பால்குடம் எடுத்தேன். எடுத்த பிறகும் மார்பு அப்படியேதான் இருக்கிறது. அப்படியே இருந்ததில்தான், அது தண்டனை இல்லை என்று எனக்கு நிம்மதி வந்தது.

ஆனால் கதை லயம் தாண்டிப் போய்விட்டது. ரெண்டும் ஒன்றுபோல வந்து சிலை மாதிரி ஆகிவிட்டேன் என்று ஒரு பேச்சு. ஆத்தா தண்டித்துப் புற்றுநோய் கொடுத்துவிட்டாள் என்று ஒரு பேச்சு. முதல் பேச்சைக் கேட்டுவிட்டு லிந்துலையிலிருந்து ஒரு தாய், கல்யாணம் பேசியிருந்த மகளைக் கூட்டிக்கொண்டு வந்தார். அந்தப் பிள்ளைக்கும் ஒரு பக்கம் எலும்பு உள்வாங்கியிருந்தது. அடுப்படிக் குசினிக் கதவைச் சாத்திவிட்டு என் நெஞ்சை அவளுக்குக் காட்டினேன்.

பிள்ளையின் முகம் சுருங்கிவிட்டது. "ரெண்டும் ஒண்ணா வந்துருச்சுன்னு சொன்னாங்களே அக்கா?"

"சொன்னவங்க பாத்தாங்களா? ஒனக்கு ஒன் எலும்புக்குத் தக்கன வரும். டொக்டர் சொல்லும்போது என்ன மாதிரி சும்மா தலையாட்டாத, திருப்பித் திருப்பிக் கேளு. வராட்டி அது சாமி குத்தம் இல்ல."

அவள் தாவணியைச் சரிசெய்துகொண்டே, "இது தெரியாமப் போயிருந்தா நான் செத்துருப்பேன்" என்றாள். அவள் செய்துகொண்டாளா இல்லையா என்று எனக்குத் தெரியாது.

அதனால் உங்களைக் கும்பிட்டுக் கேட்கிறேன். இதை வாசித்தவர்கள், இப்படியொரு பிள்ளையைத் தெரிந்திருந்தால் அவளிடம் இந்தக் கதையைச் சொல்லுங்கள். நன்றாக வந்தது என்று ஒரு சொல் கூட்டாதீர்கள். கெட்டுப்போனது என்றும் கூட்டாதீர்கள். எப்படி இருக்கிறதோ அப்படியே கொடுத்துவிடுங்கள்.