அக்காவின் அரை மணி நேரம்

மாமாவின் ஜாதகப் புரோகிராம் என்னைவிட வயதில் மூத்தது. கிளார்க்காக இருந்தபோது மாலை வகுப்பில் படித்த பாஸ்கல் என்ற கணினி மொழியை வைத்து அவரே எழுதியது. ஓய்வு பெற்றபின் சிங்கப்பூர் லிட்டில் இந்தியாவில் ஒரு பூக்கடைக்கு மேல்மாடியில் உட்கார்ந்து, அதை வைத்துத்தான் ஜோசியம் பார்க்கிறார். போன மாதம் பழைய கணினி செத்துப்போனது. புதியதில் போட்டால், அதன் வேகம் தாங்காமல் புரோகிராம் திறந்த நொடியே நின்றுவிடுகிறது.

பாலிடெக்னிக்கைப் பாதியில் விட்டவன் என்று ஊரெல்லாம் என்னைப் பற்றிச் சொன்ன மாமா, என்னையே கூப்பிட்டார்.

"சனிக்கிழமைக்குள்ள முடிச்சுக் குடுடா. அக்கா ஜாதகம் எடுக்கணும்."

அக்காவுக்கு முப்பத்து நாலு வயது. நட்சத்திரம் ஆயில்யம். ஆயில்யப் பெண் மாமியாருக்கு ஆகாது என்று இந்தப் பன்னிரண்டு வருடத்தில் மூன்று குடும்பங்கள் ஜாதகத்தைப் பார்த்ததோடு சரி. நான்காவதாக பூன் லேயிலிருந்து சனிக்கிழமை வருகிறார்கள்.

ஜூரோங் கிடங்கில் நாள் முழுக்கப் பெட்டி தூக்கிவிட்டு, ரயிலில் நின்றபடி தூங்கி, மாமாவிடம் வருவேன். திரைக்கு, அச்சுக்கு, தேதி நேரத்துக்கு என்று யாரோ எழுதித் தயாராக வைத்திருக்கும் லைப்ரரிகள் இப்போது உண்டு. மாமாவின் வரிகளைப் பிடுங்கிவிட்டு அவற்றைப் பொருத்த வேண்டும். ஒன்றைப் பொருத்தினால் நாற்பது பிழை வரும். கண் எரியும்.

வியாழக்கிழமை ஒருவழியாக ஓடியது. குடும்பத்தையே போட்டுப் பார்த்தேன். மாமா, அம்மா இருவருக்கும் பழைய தாளில் இருந்ததே வந்தது. அக்காவுக்கு மட்டும் பூசம் என்று வந்தது.

நான்தான் எதையோ கெடுத்துவிட்டேன் என்று மறுநாள் மாலை முழுவதும் தேடினேன். தப்பு மாமாவின் ஒரே வரியில் இருந்தது. லண்டன் நேரத்துக்கும் நமக்கும் ஏழரை மணி வித்தியாசம் என்று எழுதியிருந்தார். அவர் பிறந்தபோது அது சரிதான். எண்பதுகளின் தொடக்கத்தில் சிங்கப்பூர் கடிகாரத்தை அரை மணி தள்ளி எட்டாக்கியது. லைப்ரரிக்கு அது தெரியும். மாமா தன் கைக்கடிகாரத்தை மாற்றினார், பின்னால் எழுதிய புரோகிராமில் பழைய கணக்கையே வைத்துவிட்டார். அவர் கணக்குக்கு அரை மணி முன்னாலேயே அக்கா பிறந்துவிட்டாள். சந்திரன் அப்போது ஆயில்யத்துக்குள் போகவே இல்லை.

"மாமா, மத்த ஊர்ல சனிதான் ஏழரையைக் குடுக்கும். இங்க நீங்களே குடுத்துட்டீங்களே!"

அவர் சிரிக்கவில்லை.

"பழையபடி ஏழரையே போட்டுரு."

"அப்ப அக்கா?"

"எத்தனை பேருக்குப் பாத்திருக்கேன் தெரியுமாடா? எல்லாரையும் கூப்பிட்டு என்ன சொல்லச் சொல்றே?"

இரண்டு விதமாகவும் அச்செடுத்து வைத்தேன்.

சனிக்கிழமை காலை உட்லண்ட்ஸிலிருந்து அக்கா வந்தாள். விஷயத்தைச் சொன்னேன். இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள்.

"மூணு குடும்பமும் வேணாம்னது இந்த அரை மணிக்கா?"

"ஆமாக்கா."

மாமா சுவரைப் பார்த்தபடி, "பூசத்தையே குடுத்துரலாம்மா. அதான் சரி" என்றார்.

"வேணாம் மாமா. ஆயில்யத்தையே குடுங்க."

"அது பொய்க்கா."

"பன்னெண்டு வருஷமா அந்தப் பொய்யாத்தானேடா இருந்தேன்? அதைப் பாத்துட்டும் வேணும்னா வரட்டும். இல்லாட்டி நான் வீட்டுக்குப் போய்த் தூங்குறேன். ரொம்ப டயர்டா இருக்கு."

பூன் லேயிலிருந்து மாப்பிள்ளையின் அம்மா வந்தார். தாளைப் படித்தார், இரண்டாக மடித்துப் பையில் வைத்தார். "போன் பண்றோம்" என்றார். அக்கா நான்காவது முறையாக அதற்குத் தலையாட்டினாள்.

அந்த அம்மா படி இறங்கியதும் மாமா தன் பழைய நோட்டை எடுத்தார். விரலால் வரிசையாகத் தள்ளிக்கொண்டே போய், ஒரு பெயரில் நிறுத்தி, எண்ணை அழுத்தினார்.

"நான்தாம்மா, ஜோசியர் பேசுறேன். உங்க மகன் ஜாதகத்துல ஒரு சின்னத் தப்பு..."

அக்கா வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"சின்னதுன்னு சொல்லாதீங்க மாமா."