வாத்துகளை அழைத்த எங்கள் அண்ணன்

அண்ணனின் முதலாண்டுத் திதிக்கு வந்திருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். அவர் கண் இழந்த விதத்தைப் பற்றி ஊரில் பலவிதமாகப் பேசிக்கொள்கிறார்கள். கூடப் பிறந்த தங்கை என்ற முறையில், நடந்ததை நடந்தபடி இந்த நினைவு மலரில் எழுதுகிறேன். அண்ணியின் விருப்பமும் அதுவே.

அண்ணன் திருவரங்குளத்துக்குக் கிழக்கே உள்ள எங்கள் சிற்றூரில் பிறந்தவர். அப்பா பாம்பு கடித்து இறந்தபோது பத்தாம் வகுப்பில் இருந்தார். அதோடு படிப்பை விட்டு டிராக்டர் ஓட்டப் போனார். என்னைக் கட்டிக்கொடுத்த பிறகே தான் திருமணம் செய்துகொண்டார். பின்னர் டிரைவர் வேலைக்கு வளைகுடா சென்றார்.

அங்கே அவருடைய முதலாளிக்குப் பறவை வேட்டை என்றால் பைத்தியம். ஒரு மர ஊதலைக் கையில் கொடுத்து, வாத்து போலக் கூப்பிடப் பழகிக்கொள் என்று சொல்லிவிட்டாராம். அண்ணன் ஊதினால் முதலில் ஆட்டுக்குட்டி கத்துவது போலத்தான் வந்தது. அறையில் இருந்தவர்கள் விரட்டவே, காரின் கண்ணாடிகளை ஏற்றிவிட்டு உள்ளே உட்கார்ந்து பழகினார். உதடு வெடித்து ரத்தம் கசிந்தது. காற்று கன்னத்திலிருந்து வரக் கூடாது, இருமுவது போல அடிவயிற்றிலிருந்து வர வேண்டும் என்பது பிடிபடவே வெகுநாள் ஆனது. பறவை நம்மை நோக்கி வரும்போது ஊதக் கூடாது, விலகிப் போகும்போதுதான் ஊத வேண்டும் என்று என்னிடம் ஒருமுறை விளக்கினார். அவ்வளவு உற்சாகமாக அவர் வேறெதையும் பேசி நான் கேட்டதில்லை.

ஊர் திரும்பியபோது அந்த ஊதலும் கூட வந்தது. அந்த மார்கழியில் எங்கள் கண்மாய் நிறைந்து, வடக்கிலிருந்து வரும் வாத்துகள் இறங்கியிருந்தன. அண்ணன் கரையில் நின்று ஊத, தொலைவில் போன கூட்டம் திரும்பி வந்து வட்டமிட்டதைப் பலரும் பார்த்தார்கள். அண்ணியின் தம்பியும் பார்த்தார். அவரிடம் உரிமம் இல்லாத நாட்டுத் துப்பாக்கி ஒன்று இருந்தது. வேட்டை குற்றம் என்று அண்ணனுக்குத் தெரியும். அண்ணி தடுத்தார். ஆனாலும் அண்ணன் மைத்துனரோடு போனார்.

விடிந்தும் பனி விலகவில்லை. அண்ணன் கண்மாய்க்குள் கோரைப் புல்லின் மறைவில் உட்கார்ந்து ஊதினார். மைத்துனர் கரையில் துப்பாக்கியோடு இருந்தார். கூட்டம் தாழ்ந்து கோரைமேல் இறங்கியதும் சுட்டுவிட்டார். ரவைகள் அண்ணனின் இரண்டு கண்களிலும் பாய்ந்தன. சுட்டவரே அவரைத் தோளில் தூக்கிக்கொண்டு ரோடு வரை ஓடினார்.

முள்ளில் விழுந்ததாகச் சொல்லிவிடலாம் என்று மருத்துவமனையில் உறவினர் சிலர் சொன்னார்கள். அண்ணன் ஒப்பவில்லை. வேட்டைக்குப் போனதையும் மைத்துனர் சுட்டதையும் போலீசாரிடம் அப்படியே சொன்னார். மைத்துனர் சிறைக்குப் போனார். அண்ணன் மீதும் வழக்கு விழுந்தது. அண்ணியின் பிறந்த வீட்டார் அண்ணியோடு பேச்சை நிறுத்தினார்கள். அண்ணி கறம்பக்குடிக்குக் காய்கறி கொண்டுபோய் விற்று வீட்டை நடத்தினார்.

சிறையிலிருந்து வந்த மைத்துனர் நேரே எங்கள் வீட்டுக்கு வந்தார். அண்ணன் பேசவில்லை. மறுநாளும் வந்தார். அண்ணனைக் குளிக்க வைத்தார், சவரம் செய்துவிட்டார், கைபிடித்து வயலுக்கு அழைத்துப் போனார். அந்தக் கையை அண்ணன் உதறியதும் இல்லை, அவரிடம் ஒரு வார்த்தை பேசியதும் இல்லை. வருடக்கணக்கில் அப்படியே போயிற்று. சர்க்கரை நோயால் சிறுநீரகம் கெட்டு டயாலிசிஸ் என்று ஆனபோதும் ஆட்டோவில் கூட்டிப் போய் வந்தவர் அவர்தான்.

கடைசி நாட்களில் ஒருநாள், நானும் பக்கத்தில் இருந்தபோது, அண்ணன் தானாகவே மைத்துனரின் கையைத் தேடிப் பிடித்தார்.

"வாத்தக் கூப்பிட்டது நாந்தான் மாப்ள. போகாதீங்கன்னு ஒங்கக்கா சொன்னதக் கேக்காமப் போனதும் நாந்தான். எல்லாப் பழியையும் ஒன் தலையிலயே போட்டுட்டேன்."

"மச்சான்" என்று அந்தக் கையை மைத்துனர் இரண்டு கைகளாலும் பற்றிக்கொண்டார். மறுநாள் அண்ணன் போய்விட்டார்.

சிகிச்சை அளித்த மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும், இறுதிச் சடங்கில் தோள் கொடுத்த ஊராருக்கும் எங்கள் நன்றி. தனக்கு இந்த மலரில் நன்றி எதுவும் வேண்டாம் என்று மைத்துனர் சொல்லிவிட்டார். அண்ணியிடம் கேட்டேன்.

"போடுங்க. எந்தம்பின்னு போட வேணாம். அவுக கூடவே இருந்தவன்னு போடுங்க" என்றார்.

அண்ணனுடன் கூடவே இருந்தவருக்கு எங்கள் குடும்பத்தின் நன்றி.