சாமி குடித்த சம்சு

அய்யாவு குடிக்கமாட்டார். தோட்டத்தில் இதை நம்பிய ஆள் கிடையாது, நானும் நம்பவில்லை. மலாயாவில் பாலோவுக்குப் பக்கத்தில் இருந்த எங்கள் ரப்பர் தோட்டத்தில் லாரி லைசென்ஸ் வைத்திருந்த ஒரே தமிழர் அவர். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் அது லேசுப்பட்ட விஷயமா? வெள்ளைக்காரத் துரையே பெயர் சொல்லிக் கூப்பிடுவார். அப்படிப்பட்டவரின் லாரியில் சம்சுச் சாராய வாடை அடித்தால் நாங்கள் சும்மா இருப்போமா?

கேட்டால் முனியாண்டியைச் சொல்லுவார். பாலோ ரோட்டு வளைவில் முனியாண்டிக் கல் ஒன்று உண்டு. வெள்ளிக்கிழமை ரப்பர் ஷீட்டு ஏற்றிப் போகும்போது கல்லுக்குக் கொஞ்சம் சாராயம், முன்சக்கரத்துக்குக் கொஞ்சம் ஊற்றி, மிச்சத்தைக் குப்பியோடு அங்கேயே வைத்துவிடுவார். திரும்பும்போது அவர் ரேடியேட்டருக்கு ஓடையில் தண்ணீர் மொள்ளப் போவார். லாரியில் கூடவே வந்து மூட்டை இறக்கும் ஐயாசாமி காலிக் குப்பியை எடுத்து வருவான். சாமி குடித்துவிட்டது என்பார் அய்யாவு. கல் குடிக்குமாம், கேட்டுக்கொள்ளுங்கள். அவர் மனைவி தனலெட்சுமிகூட நம்பவில்லை. தினமும் வீட்டு வாசலில் நிறுத்தி வாயை ஊதச் சொல்லுவாள்.

ஒரு வெள்ளிக்கிழமை திரும்பும்போது லாரி அந்த வளைவைத் தாண்டியதும் தந்திக் கம்பத்தைச் சாய்த்துக்கொண்டு சாக்கடையில் இறங்கியது. போலீஸ்கார மாத்தா வந்து பார்த்தபோது சீட்டுக்கடியில் குப்பி கிடந்தது, வண்டி முழுக்க வாடை. “நாந்தாங்க ஓட்டுனேன்” என்றார் அய்யாவு. நேராக நடக்கச் சொன்னார்கள். முழங்காலில் அடிபட்டவர் எப்படி நேராக நடப்பார்? குடித்துவிட்டு ஓட்டியதாக வழக்கு. தீர்ப்பு பாதகமானால் லைசென்ஸ் போகும், மறுநாளே அவர் கையில் புல்வெட்டும் கத்தி வரும்.

கோர்ட்டுக்கு நாங்கள் நாலு பேர் போனோம். அனுதாபத்தில் இல்லை, குட்டு உடைவதைப் பார்க்க. சாட்சி பெஞ்சில் ஐயாசாமி நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தான். எங்கள் எல்லோருக்கும் அவன் வெறும் ‘சாமி’தான்.

“குப்பியில் இருந்ததைக் குடித்தது யார்?” என்று மாஜிஸ்திரேட் கேட்டார்.

“சாமிதாங்க குடிச்சது” என்றார் அய்யாவு.

மொழிபெயர்த்த ஜெயபாலன் டவுன்காரர். முனியாண்டி அவர் புத்திக்கு எட்டவில்லை. சாமி என்ற ஆள் குடித்ததாக இங்கிலீஷில் சொல்லிவிட்டார். யார் அந்தச் சாமி என்று மாஜிஸ்திரேட் கேட்க, மாத்தா பெஞ்சைக் கை காட்டினார்.

ஐயாசாமி எழுந்தான். முகத்தில் ரத்தமே இல்லை.

“காட்டிக் குடுத்துட்டீங்களே அண்ணே. குடிச்சது நெசந்தான். வாராவாரம் நாந்தான் குடிச்சேன். ஆனா ஓட்டிப் பழகு, நாளைக்கு ஒனக்கும் லைசென்ஸ் எடுத்துக்கலாம்னு அன்னிக்கு வண்டியக் குடுத்தது யாரு? நீங்கதானே?”

அவன் குடித்திருந்தது அய்யாவுக்கு அந்த நிமிஷம்தான் தெரிந்தது. லைசென்ஸ் இல்லாமல் ஓட்டிய அவனைக் காப்பாற்றத்தான் பழியைத் தன்மேல் போட்டுக்கொண்டிருந்தார்.

இதை மட்டும் ஜெயபாலன் ஒரு சொல் பிசகாமல் மொழிபெயர்த்தார். ஐயாசாமிக்கு ஜெயில். அய்யாவு குடிக்காதவர் என்று கோர்ட்டே ஒத்துக்கொண்டது. ஆனால் லைசென்ஸ் இல்லாத குடிகாரனிடம் வண்டியைக் கொடுத்ததற்காக அவருடைய லைசென்ஸைப் பிடுங்கிக்கொண்டது.

ஜெயிலிலிருந்து வந்த ஐயாசாமி நேராக ரப்பர் காட்டுக்குப் போனான். அய்யாவு எங்களோடு புல் வெட்டிக்கொண்டிருந்தார்.

“அண்ணே, அன்னிக்கு எந்தச் சாமியச் சொன்னீங்க?”

“முனியாண்டியத்தான்டா.”

ஐயாசாமி அவரையே பார்த்தான். “சரிண்ணே” என்றான். அவன் நம்பவில்லை என்பது புல் வெட்டிக்கொண்டிருந்த எங்களுக்கே தெரிந்தது. அய்யாவு குனிந்து மறுபடி வெட்ட ஆரம்பித்தார்.