மணி கழற்றிய சைக்கிள்

யுத்தம் பர்மாப் பக்கம் வந்த பிறகுதான் ஜனங்கள் என்னைக் கண்டு பயப்படத் தொடங்கினார்கள். அதற்கு முன்னால் நான் ஸ்ரீவில்லிபுத்தூர் தபாலாபீசில் தந்தி கொண்டுபோய்க் கொடுக்கிற சாதாரண சேவகன். கல்யாண வாழ்த்து, பஞ்சு வியாபாரிகளுக்கு வருகிற சேதி, இப்படித்தான் என் பையில் இருக்கும்.

சுற்றுப்பட்டிகளிலிருந்து நிறையப் பேர் பட்டாளத்துக்குப் போயிருந்தார்கள். அவர்களைப் பற்றிய சேதி இங்கிலீஷ் தந்தியாக வரும். என் சைக்கிள் ஒரு தெருவுக்குள் திரும்பினால் உலக்கைச் சத்தம் நின்றுவிடும். பெண்கள் வாசலில் அப்படியே நிற்பார்கள். ஒருநாள் நான் மணியடித்ததும் ஒரு கிழவர் வாய்விட்டு அழுதுவிட்டார். அவர் வீட்டுக்கு என்னிடம் தந்தியே இல்லை. அன்றைக்கே மணியைக் கழற்றிப் போட்டேன். அதற்குப் பிறகு, சத்தமில்லாமல் வருகிறான் என்று இன்னும் அதிகமாகப் பயந்தார்கள்.

பக்கத்து வீட்டு வளைகாப்புக்கு என் மனைவியை அழைக்கவில்லை. அன்றிலிருந்து கைநாட்டு வாங்க வேண்டும், காகிதத்தைக் கொடுக்க வேண்டும், முகத்தைப் பார்க்காமல் திரும்பிவிட வேண்டும் என்று வைத்துக்கொண்டேன்.

அந்தக் கோடையில் வன்னியம்பட்டிக்கு ஒரு தந்தி வந்தது. உச்சிவெயில் நேரம். ஊரே காட்டு வேலைக்குப் போயிருந்தது. கடைசி வீட்டில் ஒரு அம்மாள் தனியாகப் புளி உடைத்துக்கொண்டிருந்தாள். ஒரே மகன், ராஜபாளையத்தில் மில்லுக்குப் போய்க்கொண்டிருந்தவன், பட்டாளத்தில் சேர்ந்துவிட்டான். என்னைப் பார்த்ததும் கையைச் சேலையில் துடைத்துவிட்டு, கேட்காமலே கட்டைவிரலை நீட்டினாள்.

"என்னய்யா எழுதியிருக்கு?"

"எனக்கு இங்கிலீசு தெரியாதும்மா. யார்கிட்டயாவது குடுத்துக் கேட்டுக்கோங்க."

"இங்க யாருய்யா இருக்கா?"

அவள் முகத்தைப் பார்க்காமல் சைக்கிளைத் திருப்பினேன்.

ஊர் எல்லையில் செயின் கழன்றது. குனிந்து மாட்டிக்கொண்டிருந்தபோது அந்த அம்மாள் தோட்டத்து வரப்பில் போவதைப் பார்த்தேன். ஆள் தேடிப் போகிறாள் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் அந்தப் பக்கம் ஆளே இல்லை; கமலைக் கிணறு மட்டும்தான் இருந்தது. அவள் வேகமாகவும் நடக்கவில்லை, மெதுவாகவும் நடக்கவில்லை. கிணற்று மேட்டில் ஏறி, தந்தியைக் கீழே வைத்து, அது பறக்காமல் இருக்க ஒரு கல்லைத் தேடி எடுத்து மேலே வைத்தாள்.

சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடினேன். அவள் கையை இறுகப் பிடித்துக்கொண்டேன்.

"விடுய்யா. அதான் வந்திருச்சுல்லா."

"படிக்காம எப்படிம்மா தெரியும்?"

"உம் மூஞ்சியே சொல்லுச்சே. எம் மூஞ்சியப் பாக்காம திரும்புனயே, அதுக்கு வேற என்ன அர்த்தம்?"

தந்தியில் என்ன இருக்கிறதென்று எனக்கே தெரியாது. அப்படியிருக்க, என் முகம் அவளுக்கு ஒரு சாவைச் சொல்லியிருந்தது.

"எங்கூட வாங்க. எங்க வேதக்கோயில் உபதேசியாருக்கு இங்கிலீசு தெரியும். அவிய படிச்சுச் சொல்லட்டும். பொறவு என்னன்னு பாப்போம்."

சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நான் முன்னால் நடந்தேன். அவள் தந்தியை எடுத்துக்கொண்டு நாலு முழம் பின்னால் வந்தாள். வழியில் வண்டிக்காரர்கள் எங்களைக் கண்டதும் மாட்டை ஒதுக்கி நிறுத்தினார்கள். ஒருவரும் என்ன ஏதென்று கேட்கவில்லை. அவள் அழவுமில்லை. ஒரே ஒரு தடவை, "எம்புட்டுத் தூரம் இருக்கும் பர்மா?" என்றாள்.

சர்ச்சை ஒட்டிய தன் வீட்டில் உபதேசியார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரண்டு தடவை படித்தார்.

"மகனுக்குக் காயம்மா. ஆஸ்பத்திரில வச்சிருக்காங்க. பெரிய காயந்தான் போலிருக்கு."

"உசுரு?"

"உசுரு இருக்கு."

அவள் தரையில் உட்கார்ந்துவிட்டாள். அப்போதுதான் அழுதாள். உபதேசியார் அவளுக்கு மோர் கொண்டுவந்து கொடுத்தார். அவள் குடித்து முடிக்கும்வரை நானும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். ஒரு வீட்டில் நான் அத்தனை நேரம் உட்கார்ந்து வெகுகாலமாகியிருந்தது.

மறுநாள் காலையிலேயே உபதேசியாரிடம் போய், எனக்கு இங்கிலீஷ் எழுத்துச் சொல்லித்தரும்படி கேட்டேன். தந்தியில் வருகிற வார்த்தைகள் மட்டும் போதும் என்றேன். உயிர், காயம், காணவில்லை, மரணம். மற்றவற்றைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று அவரும் அந்த வரிசையிலேயே ஆரம்பித்தார். சில மாதங்களில், தந்தியைப் பிரித்து என்னிடம் கொடுப்பவர்களுக்குப் படித்துச் சொல்லத் தேறிவிட்டேன்.

அதனால் என்னைப் பார்த்து யாரும் சிரித்துவிடவில்லை. தெருக்கள் முன்போலவே ஊமையாயின. முன்பு காகிதத்தை மட்டும் கொடுத்தேன்; இப்போது சாவை என் வாயால் சொல்ல வேண்டியிருந்தது. இரவில் சோறு இறங்காத நாட்கள் பல உண்டு. ஆனாலும் முகத்தைப் பார்த்துத்தான் சொன்னேன்.

அந்த மகன் ஒரு கால் இல்லாமல் திரும்பி வந்தான். அவன் வந்ததைக் கேள்விப்பட்ட வாரத்தில் கூமாப்பட்டிக்கு ஒரு தந்தி எடுத்துப் போனேன். அங்கே ஒரு தகப்பன். மகன் இறந்துவிட்டதாக அவர் முகத்தைப் பார்த்துச் சொன்னேன். அவர் மலைப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"எம் பொண்டாட்டி காட்டுக்குப் போயிருக்கா. வார நேரந்தான். தனியா அவகிட்டச் சொல்ல எனக்குத் தைரியமில்ல. செத்த நேரம் இருந்துட்டுப் போறியாய்யா?"

சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். வெயில் மெல்ல இறங்கியது. பாதையின் கோடியில் புல்லுக்கட்டோடு ஒரு பெண் வருவது தெரிந்தது.