கப்பலிலிருந்து வந்த சேதி

கிறிஸ்துமஸுக்கு வெளிநாட்டுப் பார்சல் வந்திருக்கிறது, வரி கட்டி மீட்டுக்கொள்ளுங்கள் என்று கைபேசிக்குக் குறுஞ்செய்தி வந்தது.

எழுபதுகளில், தூத்துக்குடியில், இதை ஒருவன் வீட்டுக்கே வந்து சொன்னான். அப்பா கப்பலில் இருந்தார். கடிதம் வந்து மாதங்களாகியிருந்தன. ஊர் திரும்பும் கூட்டாளிகள்தான் கப்பல்காரர்களின் சேதியைக் கொண்டுவருவார்கள். அதனால் அம்மா அவனைச் சந்தேகிக்கவில்லை. என்னை அச்சுமுறுக்கு எடுத்துவரச் சொன்னாள்.

“அண்ணன் சொகமா இருக்காருக்கா. கொஞ்சம் மெலிஞ்சிட்டாரு. பார்சல்தான் கஸ்டம்ஸ்ல கெடக்கு.”

அதை மீட்க அம்மா சங்கிலியைக் கழற்றிக் கொடுத்தாள். அவன் திரும்பி வரவில்லை.

“ஏளா, மொகந்தெரியாதவன்ட்ட சங்கிலியக் குடுத்தியே!” என்றாள் பக்கத்து வீட்டு அத்தை.

அம்மா வெறும் தட்டைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

“அப்போ, அவரு சொகமா இருக்காருன்னதும் பொய்தானா மதினி?”

அத்தை அம்மாவின் கையிலிருந்து தட்டை வாங்கிக் கவிழ்த்து வைத்தாள்.

குறுஞ்செய்தியை அழித்தேன். அதில் யாரும் சுகமாக இருப்பதாக எழுதியிருக்கவில்லை.