மாமாவின் வண்டியில் போய் பஸ்ஸில் திரும்பியது: அல் ஐனும் புகை வரியும்

பொதுமக்களுக்கு மிகுந்த பொறுப்புணர்வுடன் அறிவிப்பது என்னவென்றால்: மூன்று வாரங்களுக்கு முந்தைய சனிக்கிழமை காலை ஆறு நாற்பதுக்கு, ஷார்ஜா ரோலாவில் எங்கள் கட்டிடத்துக்குக் கீழே, ஜஸ்டின் மாமாவின் வண்டி பதினோரு ஆண்டுகளில் முதன்முறையாக உட்புறமும் கழுவப்பட்டது. பின் இருக்கைக்கு அடியிலிருந்து நான்கு பேனாக்கள், ஒரு ஜெபமாலை, கல்லாகிப்போன ஒரு சமோசா ஆகியவை மீட்கப்பட்டன. உயிர்ச்சேதம் எதுவும் இல்லை.

கழுவியதற்குக் காரணம் உண்டு. அன்று அந்த வண்டியை அல் ஐனில் ஒருவருக்கு விற்கப் போகிறோம். மாமா என் அப்பாவின் தங்கை கணவர், குளச்சல்காரர், ஷார்ஜாவில் ஏசி டெக்னீஷியன். அத்தை நர்ஸ். எட்டு மாதம் முன்பு அயர்லாந்தில் வேலை கிடைத்துப் போய்விட்டார். மாமாவும் அங்கே போக வேண்டும். செவ்வாய்க்கிழமை விசா கேன்சல், வெள்ளிக்கிழமை விமானம். விசா போவதற்குள் வண்டியை வேறு பெயருக்கு மாற்றியாக வேண்டும். ஆக, சனிக்கிழமையை விட்டால் வழியில்லை.

மாமாவுக்கு வண்டியை விற்கும் எண்ணமே முதலில் இல்லை. நான்கு லிட்டர் எஞ்சின், ஏழு பேர் உட்காரலாம், நிறுத்த இரண்டு வண்டிக்கான இடம் வேண்டும். அதைக் கப்பலில் ஏற்றி அயர்லாந்துக்கே கொண்டுபோய்விடலாம் என்றிருந்தார். இங்கே ஸ்டியரிங் இடப்பக்கம், அங்கே வலப்பக்கம் என்பதைக்கூடப் பொறுத்துக்கொண்டார். அத்தையின் வாய்ஸ் மெசேஜ்தான் கப்பலைக் கவிழ்த்தது. "இங்க வண்டி விடுற புகையக் கணக்குப் பாத்துதான் வருஷா வருஷம் வரி. கூட்டிக்கிட்டே போறானுவ. அந்த ஆனையக் கொண்டு வந்தீங்கன்னா நான் டூட்டி பாத்து அதுக்குத்தான் தீனி போடணும்." ஆண்டுக்கு இரண்டாயிரம் யூரோவுக்கு மேல் ஆகுமாம். மாமா அந்த மெசேஜை மூன்று முறை கேட்டார். மூன்று முறையும் தொகை குறையவில்லை.

ஆகவே புதுத் திட்டம். இங்கே இதை 17,000 திர்ஹாமுக்கு விற்று, அதை முன்பணமாகப் போட்டு அங்கே ஒரு சின்ன வண்டி வாங்குவது. அத்தை நைட் டூட்டி முடித்து மழையில் பஸ்ஸுக்கு நிற்கிறார் என்பதால் இதில் தாமதத்துக்கு இடமில்லை. 17,000-க்குக் கொஞ்சம் குறைந்தாலும் அந்தக் கணக்கு இடிக்கும்.

என்னை எதற்குக் கூட்டிப்போனார்? வண்டி விற்பனையில் எனக்குள்ள பேச்சுத் திறமை உலகறிந்தது. வகுப்பில் கெமிஸ்ட்ரி டீச்சரையே அன்று விடுமுறை என்று நம்பவைத்து வாசல்வரை நடக்கவைத்தவன் நான். பிளஸ் ஒன் முடிப்பதற்குள் பிளஸ் ஆன பெயரும் மைனஸ் ஆன மார்க்கும் எனக்கு ஏராளம். திரும்பும்போது பஸ்ஸில் பேச்சுத்துணை வேண்டும் என்று மாமா சொன்னது ஒரு துணைக் காரணம் மட்டுமே.

ஏழு பத்துக்குக் கிளம்பினோம். நகருக்குள் போகாமல் வெளிச்சாலை பிடித்தால் டோல் கிடையாது. சனிக்கிழமை காலையில் நெரிசலும் கிடையாது. அல் ஐன் சனாயியா, அதாவது பட்டறைகளும் டயர் கடைகளும் உள்ள பகுதி, மீட்டர்படி 151 கிலோமீட்டர். வழியில் ஒருமுறை நின்று, ஒன்பது ஐந்துக்குப் போய்ச் சேர்ந்தோம். பெட்ரோல் 80 திர்ஹாமுக்குப் போட்டோம். வாங்குகிறவருக்குப் பாதி டாங்க் கொடுப்பது மரியாதை என்பது மாமாவின் கொள்கை.

வழிநெடுக நான் ஒரு ஆராய்ச்சி நடத்தினேன். வண்டி ஓட்டுகிற எவரைக் கண்டாலும், வெளிநாட்டில் புகைக்கு வரி கூடிக்கொண்டே போகிறது, இங்கே அப்படிப் போட்டால் என்ன செய்வீர்கள் என்று முகத்தைப் பாவமாக வைத்துக்கொண்டு கேட்பது. வாட்ஸாப்பில் கேட்டால் வதந்தி என்று பிடித்துக் கம்பி எண்ண வைப்பார்கள். அதனால் வாயோடு நிறுத்திக்கொண்டேன்.

முதல் ஆள் பெட்ரோல் பம்பில் அடுத்த வரிசையில் நின்ற எகிப்துக்காரர். அவர் வண்டியோடு ஒப்பிட்டால் மாமாவின் வண்டி ஆனையில்லை, ஆனைக்குட்டி. கேள்வியைக் கேட்டு வயிறு குலுங்கச் சிரித்தார். அப்படி வந்தால் கலாஸ், முடிந்தது கதை, வண்டியை விட்டுவிட்டு ஒட்டகம் வாங்கிக்கொள்வேன் என்றார். ஒட்டகமும் வாயு விடும், அதற்கும் கணக்கெடுக்கலாம் என்றேன். அதற்குப் பிறகு அவர் சிரிக்கவில்லை. மாதாமாதம் பெட்ரோல் விலை ஏறுவதே ஒரு வரிதான் என்று முணுமுணுத்துவிட்டுக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார்.

அங்கேயே டீக்கு ஒதுங்கியிருந்த தண்ணீர் டாங்கர் டிரைவர் முதுகுளத்தூர்ப் பக்கம். டீ ஒன்றரை திர்ஹாம், நன்றாக இருந்தது. கேள்வியை நிதானமாகக் கேட்டுவிட்டு டாங்கரின் புகைக்குழாயைத் திரும்பிப் பார்த்தார். "வரி அரபாபுக்கு, புகை எனக்கு. இப்பவே அப்படித்தான தம்பி ஓடுது" என்றார். அரபாப் என்றால் முதலாளி. நான் டீக்குக் காசு கொடுத்துவிட்டு வண்டியில் ஏறினேன்.

மூன்றாவது ஆள் சனாயியாவில் டயர் கடை வைத்திருக்கும் மலையாளி. மாமா டயருக்குக் காற்றுப் பார்க்க அங்கே நிறுத்தினார். அவரிடமும் ஒரு பழைய பிக்கப் இருக்கிறது. வரி வந்தால் வரட்டும், எனக்கு லாபம்தான் என்றார். ஆண்டுதோறும் வண்டிக்குப் பாஸிங், அதாவது தகுதிச் சோதனை, எடுக்கும் நாளில் மட்டும் நல்ல டயரை வாடகைக்கு மாட்டிக்கொண்டு போய், மறுநாள் கழற்றித் தருகிறவர்கள் உண்டாம். புகைக்கு வரி என்றால் அந்த ஒருநாளுக்கு நல்ல சைலன்சரும் வாடகைக்கு விடலாமே என்று கணக்குப் போட்டார். வரி எந்த ஊரில் பிறந்தாலும் அதற்கான குறுக்குவழி இங்கே பிறந்துவிடும்.

வண்டி வாங்க வந்தவர் வேல்முருகன் அண்ணன். புதுக்கோட்டைக்காரர். பேரீச்ச மரங்களில் மட்டை கழிக்கும் வேலையைக் கான்ட்ராக்டாக எடுத்துச் செய்கிறார். ஆறு ஆட்களை ஏணியோடு தோட்டம் தோட்டமாக ஏற்றிப்போக ஒரு ஏழு சீட்டர் வேண்டும். டயர் கடைக்கு எதிரே கஃபெட்டேரியாவில் சந்தித்தோம். ஃபோனில் விலை முடிந்திருந்தும், நேரில் அரைமணிநேரம் குறை கண்டுபிடித்தார். சீட்டில் கிழிசல், பின் ஏசி சத்தம், கதவில் ஒரு கீறல். மாமா எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டு, அவர் பார்க்காத இரண்டு கீறல்களையும் தானே காட்டினார். இப்படியும் ஒரு வியாபாரி.

மாமா பரோட்டாவுக்குக் காசு கொடுக்க உள்ளே போனார். கல்லாவில் கூட்டம். நானும் வேல்முருகன் அண்ணனும் மட்டும் வெளியே. அப்போது நான் ஆராய்ச்சியை ஒரு படி உயர்த்தினேன். இவரிடம் கேள்வியாகக் கேட்கவில்லை, செய்தியாகச் சொன்னேன். அயர்லாந்தில் உள்ள புகை வரி அடுத்த வருடம் இங்கேயும் வருகிறது, நான்கு லிட்டர் எஞ்சினுக்கு ரெனியூவல் கட்டணம் இரண்டு மடங்கு, மாமாவுக்கே தெரியாது, நான் படித்தேன் என்றேன். அவர் முகம் எப்படிப் போகிறது என்று பார்க்க ஆசை, அவ்வளவுதான். பார்த்துவிட்டுச் சிரித்து, சும்மா சொன்னேன் என்று முடிக்கிற திட்டம்.

அவர் முகம் எங்கேயும் போகவில்லை. "அப்படியா தம்பி" என்றார். குறை சொல்வதை அத்தோடு நிறுத்திவிட்டார். அதற்குள் மாமா வந்துவிட்டார். மலை ஏறும்போது ஏசி எப்படி என்று பார்க்கலாமா என்று வேல்முருகன் அண்ணன் எழுந்தார்.

ஜெபல் ஹஃபீத் மலைச்சாலை கட்டாயம் பார்க்க வேண்டியது. அடிவாரத்திலிருந்து உச்சி வாகன நிறுத்தம்வரை கிட்டத்தட்ட 12 கிலோமீட்டர், அகலமான சாலை, வளைவுக்கு வளைவு ஊர் கீழே போய்க்கொண்டிருக்கும். கட்டணம் கிடையாது. வேல்முருகன் அண்ணன் ஓட்டினார், மாமா பக்கத்தில், நான் பின்னால். ஏசி அருமை. எனக்குத்தான் பரோட்டா ஒவ்வொரு வளைவிலும் வணக்கம் சொல்லிவிட்டுப் போனது. உச்சியில் பதினொன்று ஐம்பதுக்கு நிறுத்தினோம். அவர்கள் இருவரும் தடுப்புச்சுவர் ஓரமாக நின்று இருபது நிமிடம் பேசினார்கள். நான் வண்டிக்குள்ளேயே இருந்தேன். மாமா ஒருமுறை என்னைத் திரும்பிப் பார்த்தார். பிறகு வேல்முருகன் அண்ணனின் தோளைத் தட்டினார். கை கொடுத்துக்கொண்டார்கள்.

பேச்சு முடிந்தது. விற்பனை உறுதி. அரைமணிநேரம் கீறல் எண்ணிக்கொண்டிருந்தவரை ஒரே ஒரு பொய்யில் வாங்கவைத்துவிட்டேன் என்று அங்கிருந்தே வகுப்புக் குழுவில் போட்டேன். முப்பத்தொரு பேர் கைதட்டினார்கள். வரி என்று பயமுறுத்தினால் மனிதன் யோசிப்பதை விட்டுவிட்டு முடிவெடுத்துவிடுவான் என்று ஒரு தத்துவமும் எழுதினேன். அது இன்னும் அங்கே இருக்கிறது.

மலையிலிருந்து நேராகப் பாஸிங் மையம். பெயர் மாற்ற இருவரும் எமிரேட்ஸ் ஐடியோடு நேரில் வர வேண்டும். வாங்குபவர் தன் பெயரில் இன்சூரன்ஸ் முன்பே எடுத்திருந்தால் ஒரு மணிநேரம் மிச்சம். வேல்முருகன் அண்ணன் எடுத்திருந்தார். வண்டியின் பின்னால் ஒரு குழாயைச் சொருகிப் புகை பார்த்தார்கள். மாமா ஆஸ்பத்திரி வராந்தாவில் நிற்பதுபோல் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். பாஸ். இரண்டு நாற்பதுக்கு எல்லாம் முடிந்தது. மாமா சாவியைக் கொடுத்துவிட்டு, ரிவர்ஸ் எடுக்கும்போது ஒரு சத்தம் வரும், பயப்பட வேண்டாம் என்று மட்டும் சொன்னார்.

திரும்பும் வழி: அல் ஐன் பஸ் நிலையத்திலிருந்து துபாய்க்கு 25 திர்ஹாம், இரண்டு மணிநேரம். கார்டில்தான் ஏற முடியும், காசு வாங்க மாட்டார்கள். அங்கிருந்து ஷார்ஜாவுக்கு இன்னொரு பஸ், 12 திர்ஹாம். காலையில் இரண்டு மணிநேரத்துக்கும் குறைவாக வந்த தூரம், திரும்பக் காத்திருப்போடு நான்கே கால் மணிநேரம். கார் விற்கப் போகிறவர்கள் தண்ணீரும் சார்ஜரும் காரிலிருந்து எடுத்துக்கொள்ளுங்கள். என் சார்ஜர் இப்போது பேரீச்சந்தோப்பில் வேலை செய்கிறது.

பஸ் ஏறிக் கொஞ்ச நேரம் கழித்து, எவ்வளவுக்கு முடிந்தது என்று கேட்டேன். பதினைந்தாயிரம் என்றார். பதினேழு அல்லவா பேச்சு என்றேன்.

"நீ சொன்னதா வேல்முருகன் சொன்னாம். இங்கயும் புகை வரி வரப் போகுதாமே" என்றார் மாமா. "அவன் கொறைக்கச் சொல்லல கேட்டியா. வேண்டாம்ணே, ஆறு பேருக்குச் சம்பளம் குடுக்கணும்னுதான் சொன்னாம். நீ படிக்கிற புள்ள, பாக்காமயா சொல்லியிருப்ப. தெரிஞ்சிக்கிட்டே ஒருத்தன் தலையில கெட்டி வச்சிட்டு நாம பிளேன் ஏறப்பிடாது மக்ளே. அதான் ரெண்டாயிரம் நானே கொறச்சேன்."

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். வெளியே மணல்தான் இருந்தது.

பயணம் போகிறவர்களுக்கு இன்னும் சில: பாஸிங் மையத்துக்குப் பன்னிரண்டு மணிக்கு முன் போங்கள். மலைக்கு வெறும் வயிற்றோடு போங்கள். கீறல்களை நீங்களே காட்டிவிடுங்கள், நேரம் மிச்சம். வரி பற்றிக் கேட்டால் வண்டிக்காரர்கள் எல்லோரும் ஒரே மாதிரி இல்லை. ஒருவர் சிரிக்கிறார், ஒருவர் தன் வண்டியைத் திரும்பிப் பார்க்கிறார், ஒருவர் கணக்குப் போடுகிறார்.

மாமா அயர்லாந்து போய் இரண்டு வாரம் ஆகிறது. சின்ன வண்டி இன்னும் வாங்கவில்லை, முன்பணத்துக்குக் கொஞ்சம் குறைகிறதாம். நேற்று அத்தை ஃபோனில் சொன்னார், சர்ச்சில் பார்க்கிற மலையாளி, தமிழ் ஆட்களிடமெல்லாம் மாமா "கல்ஃப்லயும் புகைக்கு வரி வரப் போகுது, என் மருமவன் கண்டுபிடிச்சுச் சொன்னாம்" என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாராம். விமான நிலையத்தில் உண்மையைச் சொல்லிவிடத்தான் போனேன். சந்தோஷமாகப் போய்வாருங்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

வகுப்புக் குழுவில் கைதட்டிய முப்பத்தொரு பேருக்கும் சேர்த்துச் சொல்கிறேன், நான் எதையும் விற்கவில்லை. வேல்முருகன் அண்ணன் வேண்டாம் என்று கிளம்பிக்கொண்டிருந்தார், வண்டியை விற்றது மாமாவின் இரண்டாயிரம். மாமா, நீங்கள் இதைப் படிப்பீர்கள் என்று தெரியும், என் எல்லாப் பதிவையும் படிக்கிறவர் நீங்கள் ஒருவர்தான். அப்படி ஒரு வரி இங்கே வருவதாக நான் எங்கேயும் படிக்கவில்லை. நீங்கள் பரோட்டாவுக்குக் காசு கொடுத்துக்கொண்டிருந்தபோது நானே உண்டாக்கினேன்.